மோதிர விரலும் மாட்டின் மேல் போட்ட பழியும்

பொங்கலுக்கு முதல் நாள் பரங்கிக்காய் நறுக்கும்போது என் இடது கை மோதிர விரல் அறுபட்டது. எங்கள் பக்கத்தில் கதிர் அறுக்கும்போது வெட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள், மெஷினில் கையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவமாவது மிஞ்சும். எனக்கு வாய்த்தது பரங்கிக்காய்.

பொங்கல் குழம்புக்குப் பரங்கிக்காய் இல்லாமல் ஆகாது. அந்த வருஷம் மகன் சந்தையில் பார்த்துப் பார்த்து வாங்கி வந்தது கல்லு மாதிரி இருந்தது. அரிவாள்மணையில் காலை அழுத்தி, இரண்டு கையாலும் காயை அமுக்கினேன். காய் உருண்டது. இடது கை நேரே அரிவாளில் போய் உட்கார்ந்தது. விரலின் உள்பக்கம், அடிக் கணுவில், ஒரு நகத்து அகலம்தான் காயம். மஞ்சள்தூளை அள்ளி அப்பி, பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு மீதிக் காயையும் நறுக்கி முடித்தேன். மறுநாள் குழம்பு பிரமாதம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

பத்தே நாளில் காயம் மூடிவிட்டது. மஞ்சளைப் பற்றி நானே எனக்குள் ரொம்பப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். ஒரே ஒரு குறை. கையை மூடினால் மற்ற விரல்கள் மடங்கின, இது மட்டும் நட்டுவைத்த குச்சி மாதிரி நின்றது.

யாரிடமும் சொல்லவில்லை. அறுப்பு நேரம். மகன் நெல்லை ஏற்றிக்கொண்டு போய் கொள்முதல் நிலையத்து வாசலில் காத்துக் கிடக்கிறான். மருமகள் பள்ளிக்கூடத்து டீச்சர், அவளுக்கு அவள் பிள்ளைகளின் பரீட்சை. இதற்கு நடுவில் போய் என் விரல் மடங்கவில்லை என்று நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. மெடிக்கல் கடைக்காரரிடம் மட்டும் காட்டினேன். அவர் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "வாயும்மா, தைலம் போடுங்க" என்றார். கேட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வாயு என்றால் எல்லோருக்கும் இருப்பதுதானே.

ஆனால் மாட்டுக்குத் தெரிந்துவிட்டது. மடியைப் பிடித்துக் கறக்கும்போது விரல்கள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாக மூட வேண்டும். நடுவில் ஒன்று நீட்டிக்கொண்டு நின்றால் அது காம்புக்குப் பக்கத்தில் குத்திக்கொண்டே இருக்கும். இரண்டு வேளை பொறுத்துக்கொண்டது. மூன்றாம் வேளை தலையைத் திருப்பி என்னை ஒரு பார்வை பார்த்தது. அந்த வீட்டில் என் விரலை முதலில் கவனித்த ஜீவன் அதுதான்.

அந்த மாட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கறுப்பு மாடு, நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, மூன்றாவது ஈற்று. என்னைத் தவிர யார் உட்கார்ந்தாலும் பாலை அடக்கிக்கொள்ளும், மேற்கொண்டு உட்கார்ந்தால் உதைக்கும். மகன் ஒருதரம் உட்கார்ந்து முழங்காலில் வாங்கியிருக்கிறான். அவனுக்கு அந்த மாட்டின் மேல் அன்றைக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எனக்கோ அதனிடம்தான் பேச்சு. வீட்டுக்காரர் போன பிறகு நான் வாய்விட்டு முழுசாக ஒரு சேதி சொன்னேன் என்றால் அது மாட்டுக் கொட்டகையில்தான்.

பதினைந்து நாள் கழித்து மருமகளுக்குக் காபி டம்ளரை நீட்டினேன். அவள் டம்ளரை விட்டுவிட்டு விரலைப் பார்த்தாள்.

"என்ன அத்தை, மோதிர விரல் மட்டும் தனியா நிக்குது?"

"வாயும்மா."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

மெடிக்கல் கடைக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை. மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்துத் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

அங்கே சின்ன வயசு டாக்டர் ஒருவர் என் கையைத் திருப்பி வைத்து, ஒவ்வொரு விரலாகப் பிடித்துக்கொண்டு மடக்கச் சொன்னார். மடங்காத விரலைப் பார்த்துவிட்டுத் தழும்பைப் பார்த்தார். தழும்பைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப வெட்டினது?"

"பொங்கலுக்கு முன்னாடிங்க."

"இத்தனை நாளா என்னம்மா பண்ணீங்க?"

"மஞ்சள் போட்டேங்க."

அவர் ரொம்ப மரியாதையான பிள்ளை. சிரிக்கவில்லை. விரலை மடக்குவது விரல் இல்லையாம். முழங்கைப் பக்கத்துத் தசையிலிருந்து கயிறு மாதிரி ஒன்று ஓடிவந்து விரல் நுனியைப் பிடித்து இழுக்கிறதாம். எல்லோரும் நரம்பு நரம்பு என்கிறோமே, அது நரம்பே இல்லை, தசைநாண் என்று சொன்னார். என்னுடையது அறுந்து, அறுந்த முனை சுருங்கி உள்ளங்கைக்குள் போயிருக்கும் என்றார். "மேல தோலு ஒட்டிக்கிச்சு. உள்ள கயிறு ஒட்டலை. மஞ்சள் அவ்வளவு தூரம் போகாதும்மா." இன்னும் தள்ளிப் போட்டால் தைக்கவே முடியாது என்றும் சொன்னார். மருமகள் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை எப்படி மிரட்டுவாள் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆபரேஷனுக்குக் கையை மட்டும் மரக்க வைத்தார்கள். பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம் என் கை, இந்தப் பக்கம் நான். தூண்டில் போட்டு மீனைத் தேடுகிற மாதிரி அந்த முனையைத் தேடினார்கள். ஒருவர் "கெடச்சிருச்சு" என்றார், இன்னொருவர் சாப்பாட்டுக்கு என்ன என்று கேட்டார். எனக்கும் பசித்தது. சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் உண்மையான வேதனை. தையல் ஒரு மணி நேர வேலை, அதைக் காப்பாற்றுவது மூன்று மாச வேலை. கையின் பின்பக்கம் தகடு மாதிரி ஒன்றை வைத்து, மணிக்கட்டும் விரல்களும் முன்பக்கம் குனிந்தே இருக்கும்படி கட்டிவிட்டார்கள். பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பொண்ணு ஒன்று இருந்தது, என் பேத்தி வயசு. அது சொன்னது இதுதான்: வலது கையால் அந்த விரலை மெதுவாக மடக்கி விட வேண்டும். பிறகு அதுவாகப் பின்னால் தகடு வரைக்கும் நீள வேண்டும். ஒரு மணிக்குப் பத்துத் தடவை. ஆனால் ஆறு வாரத்துக்கு அந்த விரல் தன் பலத்தில் மடங்கவே கூடாது. யாரும் அதைப் பிடித்து இழுக்கவும் கூடாது. தையல் பிரிந்தால் மறுபடி தைப்பது கஷ்டம், விரல் கட்டைதான்.

"புரிஞ்சுதா பாட்டி?"

"புரிஞ்சுதும்மா."

எனக்கு நன்றாகப் புரிந்தது. புரிய வேண்டியது ஊருக்கு.

எங்கள் பக்கத்தில் ஒருத்தருக்கு உடம்புக்கு என்றால் விசாரிக்கப் போயாக வேண்டும். போகாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். ஆகவே வந்தார்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள், ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்கள், பிஸ்கட்டோடு வந்து அந்தப் பிஸ்கட்டையே பிரித்துத் தின்றுவிட்டும் போனார்கள். ஒத்தைக் கையால் காபி போட நான் கற்றுக்கொண்டது அந்த மாசம்தான். காபியைக் குடித்து முடித்ததும் ஒவ்வொருவரும் தவறாமல் கேட்டது ஒரே கேள்வி.

"எங்க, மடக்கு பாப்பம்."

மடக்கக் கூடாது என்றுதான் வைத்தியம் என்று சொன்னால், "அதெல்லாம் டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. லேசா, லேசா மடக்கு" என்பார்கள். அவ்வளவு தூரம் வெயிலில் வந்தவர்கள் ஒன்றும் பார்க்காமல் போனால் எப்படி? நான் வலது கையால் மடக்கிக் காட்டிச் சமாளித்தேன். சிலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. "நீயா மடக்குற, அது மடங்கலியே" என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

மருமகள் என் போனில் மணிக்கு மணி அலாரம் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். மாட்டைக் கறக்க அடுத்த தெருவிலிருந்து ஒரு கறவைக்காரரை மகன் பேசி வைத்தான். முதல் நாளே அவருடைய சொம்பு கொட்டகைக்கு வெளியே போய் விழுந்தது. அரைச் சொம்பு பாலுக்கு மாட்டின் காலைக் கட்டி, தலையைக் கட்டி, அது கத்த, கன்று கத்த, அவரும் கத்த. நான் உள்ளே உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, மாட்டை வித்துடலாம்" என்றான் மகன்.

"என் கை சரியாவட்டும்டா."

"ஆவலைன்னா?"

ஆகாவிட்டால் என்ன என்று எனக்கும் தெரியவில்லை. அதனால் ஒரு மணிக்குப் பத்துக்குப் பதில் பன்னிரண்டு செய்தேன்.

நான்காவது வாரம் சம்பந்தியம்மா வந்தார்கள். மருமகளின் தாயார். தஞ்சாவூர் டவுனில் இருக்கிறவர்கள், விவரமானவர்கள், எதற்கும் ஒரு கைவைத்தியம் வைத்திருப்பவர்கள். சாத்துக்குடிப் பையோடு ஒரு விளக்கெண்ணெய் பாட்டிலும் கொண்டுவந்தார்கள். மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை.

"என்ன சம்பந்தி இது, கையைக் கூண்டுல அடைச்ச மாதிரி? இப்படியே வெச்சிருந்தா விரல் கட்டையாப் போயிடும்."

"பிரிக்கக் கூடாதுன்னாங்க சம்பந்தி."

"நான் என்ன வெட்டவா போறேன்? எண்ணெய் தடவி லேசா நீவி விடறேன். எங்க அண்ணனுக்கு இப்படித்தான் கால் பிசகிப்போயி, நான்தான் சரி பண்ணேன்."

கால் பிசகுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். வேறு யாராவது என்றால் கையை இழுத்துக்கொண்டிருக்கவும் கூடும். சம்பந்தி. பெண்ணைக் கொடுத்தவர்கள். அவர்கள் கட்டைப் பிரிக்க, நான் முடிச்சு எங்கே இருக்கிறதென்று காட்டிக்கொடுத்தேன். சூடு பண்ணின விளக்கெண்ணெயைத் தடவி, நீவி, நீவி, கடைசியில் விரல் நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டி இழுத்தார்கள். உள்ளே எங்கோ ஒன்று நகர்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இப்ப எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க சம்பந்தி" என்றேன். சொன்னதோடு நில்லாமல், அவர்கள் கட்டைப் பழையபடி சுற்றிவிட்டதும் எழுந்துபோய் காபியும் போட்டேன்.

நான்கு நாள் யாரிடமும் மூச்சு விடவில்லை. விரல் வீங்கிக்கொண்டது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தப் பொண்ணு கட்டைப் பிரித்ததும் அதன் முகம் மாறிவிட்டது.

"பாட்டி, இதை யாராச்சும் இழுத்தாங்களா?"

பக்கத்தில் மருமகள் நிற்கிறாள். உன் அம்மாதான் என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் தன் அம்மாவோடு சண்டை போடுவாள், அவர்கள் மனசு விட்டுப் போகும், என்னால் இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம் என்று ஊர் பேசும். ஒரு நொடிதான் யோசித்தேன். இத்தனை வருஷத்தில் அவ்வளவு வேகமாக நான் எதையும் யோசித்ததில்லை.

"மாடு இழுத்துருச்சும்மா. கயித்தைப் புடிச்சேன்."

மாடு வந்து மறுக்கப் போகிறதா என்ன.

டாக்டர் வந்து பார்த்தார், ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். தையல் பிரியவில்லை, இழுபட்டிருக்கிறது, நல்ல நேரம் என்றார். முழுசாக மடங்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "அந்த மாட்டுப் பக்கமே இவங்களை விடாதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அன்றைக்குச் சாயங்காலமே மாட்டுக்குத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"நான் அப்பவே சொன்னேன்ல, அது உதவாத மாடுன்னு" என்றான் மகன். முழங்காலில் வாங்கிய உதையின் பாக்கி.

"போனாப் போவுது அத்தை, உங்க கைதான் முக்கியம்" என்றாள் மருமகள். அவள் நல்லதற்குத்தான் சொன்னாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் சேதி கேள்விப்பட்டுச் சம்பந்தியம்மா எனக்கே போன் பண்ணி, "நான் அவ்வளவு பக்குவமா நீவி விட்டுட்டு வந்தேன், அந்தப் பாழாப்போன மாடு கெடுத்துருச்சே" என்று வருத்தப்பட்டார்கள். வந்த உண்மை உள்ளேயே திரும்பிப் போய்விட்டது.

ஆறு வாரம் முடிந்து கட்டை எடுத்தார்கள். விரல் சுருங்கிப்போன கொத்தவரங்காய் மாதிரி இருந்தது. இனி தன் பலத்தில் மடக்கலாம், ஆனால் பாரம் தூக்கக் கூடாது, இன்னும் கொஞ்ச நாள் போனதும் பஞ்சு மாதிரி எதையாவது அமுக்கிப் பழக வேண்டும் என்று அந்தப் பொண்ணு சொன்னது. முதல் நாள் விரல் லேசாகத் தலையாட்டியதோடு சரி. கோதுமை மாவு பிசைந்து உருட்டி அமுக்கினேன். பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றி, அந்தப் பொண்ணிடம் ஒரு பழைய ரப்பர் கையுறை கேட்டு வாங்கிவந்தேன். அதில் தண்ணீர் நிரப்பி, ஒரு விரலின் நுனியில் ஊசியால் குத்தி, கிணற்றடிக் கொடிக்கம்பியில் தொங்கவிட்டுக் கறந்தேன். மருமகள் வந்து கீழே வழிந்து கிடந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"எத்தனை லிட்டர் அத்தை?" என்றாள்.

சிரித்தேன். ஆனால் எனக்குக் கணக்கு வேறு. அறுப்பு முடிந்து கையில் நேரம் கிடைத்ததும் மகன் தரகரிடம் சொல்லி வைத்துவிட்டான். சித்திரை பிறந்ததும் ஆள் வரப்போகிறது. அதற்குள் இந்த விரல் கறக்கிற விரலாக வேண்டும். பன்னிரண்டு வாரம் ஆனபோது அந்தப் பொண்ணு, "இனிமே வழக்கமான வேலை கொஞ்சம் கொஞ்சமா செய்யலாம் பாட்டி. ஆனா மாடு வேண்டாம், அது இழுக்குற மாடு" என்றது. அதனிடம் நான் சொன்ன பொய் என்னிடமே திரும்பி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாங்குகிறவர் வந்தார். பூதலூர்ப் பக்கத்து ஆள், வெள்ளைச் சட்டை, கட்டைக் குரல். மாட்டைச் சுற்றி வந்தார், பல்லைப் பார்த்தார், மடியைத் தட்டினார், வாலைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கொட்டகைத் தூணோடு ஒட்டி நின்ற என்னைப் பார்த்தார். வீக்கத்துக்காக அப்போதும் நான் விரலில் துணி சுற்றியிருந்தேன்.

"அம்மா கையில என்ன? மாடு எதாச்சும் பண்ணிருச்சா?"

மகன் ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. "சே சே, மாடா? இது பச்சைக் குழந்தைங்க. கயித்தை வெறுமனே புடிச்சா நீங்க போற எடத்துக்கெல்லாம் வரும். அம்மா பரங்கிக்காய் நறுக்கும்போது வெட்டிக்கிட்டாங்க."

இரண்டு மாசமாக வீட்டுக்குள் ராட்சசியாக இருந்த மாடு, விலை பேசும்போது குழந்தையாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது.

"சரி, கறந்து காட்டுங்க" என்றார் அவர். பார்க்காமல் யார் வாங்குவார்கள்? மாடு வாங்குகிறவர் முன்னால் ஒரு வேளை கறந்து காட்டுவதுதான் வழக்கம்.

மகன் கறவைக்காரரைப் பார்த்தான். கறவைக்காரர் தன் முழங்காலைப் பார்த்தார். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அம்மா, நீங்க லேசா உக்காந்து பாருங்களேன். இதுக்கு மட்டும்" என்றான் மகன்.

விற்பதற்குக் கறந்து காட்ட வேண்டும். கறக்க முடியாது என்பதால் விற்க வேண்டும். இதில் எங்கேயோ ஒரு கோளாறு இருக்கிறதென்று அஞ்சாங்கிளாஸ் படித்த எனக்கே தெரிந்தது. சொம்பை வாங்கி இடுப்போடு அணைத்துக்கொண்டேன்.

"விக்கிறதுன்னா நான் கறக்க மாட்டேன்" என்றேன்.

யாருக்கும் காதில் விழவில்லை. எனக்குக் குரல் அப்படி. மருமகள் மட்டும் கிட்டே வந்து, "என்ன அத்தை?" என்றாள்.

"மாடு இழுக்கலம்மா."

"எது?"

"என் விரலை. மாடு கிட்டயே நான் போகல. உங்க அம்மாதான் இழுத்தாங்க. நல்லதுக்குத்தான். எண்ணெய் போட்டு."

மருமகளின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை, சொம்பின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எங்க அம்மாவா? கட்டைப் பிரிச்சா?"

"முடிச்சு நான்தான் காட்டினேன்."

அவளுக்குக் கோபம் வந்தது எனக்குத் தெரியும். யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை போலிருந்தது. "அந்த வாயில்லா ஜீவன் மேல போட்டீங்களா? ரெண்டு மாசமா? ஒரு வார்த்தை சொன்னா நான் என்ன எங்க அம்மாவைத் தூக்குலயா போடப்போறேன்?" என்றாள். பிறகு வாங்க வந்தவர் பக்கம் திரும்பி, வகுப்பை விடுகிற குரலில், "மாடு விக்கிறதா இல்லைங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

"அப்ப எதுக்கு என்னை வரச் சொன்னீங்க?"

"காபி சாப்பிட்டுப் போங்க" என்றான் மகன்.

அவர் காபி சாப்பிட்டுத்தான் போனார். போகும்போது என் கையைப் பார்த்து, "எங்கம்மா, மடக்குங்க பாப்பம்" என்றார். "மாட்டேங்க" என்றேன். நன்றாகவே காதில் விழுந்தது அவருக்கு.

எல்லோரும் உள்ளே போன பிறகு உட்கார்ந்தேன். மடியைக் கழுவி, கன்றை ஊட்ட விட்டுப் பிடித்துக் கட்டிவிட்டு, முதலில் வலது கை. பிறகு இடது. விரல் முக்கால்வாசி மடங்கியது, உள்ளங்கையைத் தொட இன்னும் ஒரு நெல்மணி நீளம் பாக்கி இருந்தது. டாக்டர் அதற்கு மேல் மடங்காது என்றுதான் பின்னால் சொன்னார். மாடு ஒருதரம் காலை மாற்றி வைத்தது, தூக்கவில்லை. பழையபடி கறக்க இரண்டு பங்கு நேரமாகிறது. அந்த விரல் சரியாக மூடாத சந்தில் பால் பக்கவாட்டில் பீச்சி என் புடவையிலேயே பாதி விழுகிறது. சம்பந்தியம்மாவுக்கு இன்னும் கோபம், போன் எடுப்பதில்லை. மருமகள் வாரத்துக்கு ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள், சமாதானம் ஆகவில்லை. மகன் மட்டும் தினம் சொம்பை எட்டிப் பார்த்து, கொஞ்சம் குறைவாக இருந்தாலும், "பரவால்லம்மா, பரவால்ல" என்று சொல்லிவிட்டுப் பால் சொசைட்டிக்கு எடுத்துக்கொண்டு போகிறான்.